பொங்கலுக்கு ஆறு நாள் லீவு. 13-ந் தேதி திங்கள் பள்ளிக்கு யார் வருவாங்க?

ஒன்றியப்பள்ளி டீச்சர், திருப்பூர் | 6 ஜனவரி 2025, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நாலாவது, அஞ்சாவது ரெண்டும் என் பொறுப்பு. பள்ளியில் மொத்தம் 140 பிள்ளைங்க. ஒரு விஷயத்தில் உங்க யோசனை வேணும்.

14 செவ்வாய் பொங்கல், 15 திருவள்ளுவர் நாள், 16 உழவர் திருநாள். இப்போ 17 வெள்ளியும் லீவுன்னு அரசு அறிவிச்சிருச்சு. சனி, ஞாயிறு சேர்ந்தா ஆறு நாள். அரையாண்டு லீவு முடிஞ்சு 2-ந் தேதிதான் திறந்தோம். அதுக்கும் இதுக்கும் நடுவில் எட்டே வேலை நாள். பிள்ளைங்க மனசு இப்பவே பள்ளியில் இல்லை. என் வகுப்புக் கரும்பலகையில் இடது மூலையில் ஒரு பையன் சின்னக் கட்டம் போட்டு "6" எழுதி வச்சிருக்கான். இன்னும் ஆறு நாள் வந்தா லீவு. அந்தக் கட்டத்தைத் தொடாம சுத்தி மட்டும் பலகையைத் துடைக்கிறாங்க. காலையில் நான் வகுப்புக்குள் நுழையும் முன்னாடியே எண் மாறிடுது.

எங்க பிள்ளைங்களில் பாதிக்கு மேல் தேனி, திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் பக்கத்தில் இருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். அவங்க 11-ந் தேதி சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் ராத்திரியே பஸ் ஏறிடுவாங்க. திங்கள் வரமாட்டாங்க. அடுத்தது உள்ளூர்ப் பிள்ளைங்க. அவங்களுக்கு 13-ந் தேதி காப்புக்கட்டு, வாசலில் பூவும் வேப்பிலையும் கட்டணும், ஆனா சாயங்காலம்தான் வேலை, பகலில் வந்துடுவாங்க. மூணாவதா, ஒடிசாவும் பீகாரும் சேர்ந்து பதினாலு பிள்ளைங்க. அவங்க எங்கேயும் போகலை. ஆறு நாளும் லைன் வீட்டு வாசல்தான்.

பள்ளியில் எல்லாரும் சேர்ந்து வைக்கிற சமத்துவப் பொங்கலை 10-ந் தேதி வெள்ளி வைக்கிறதா, 13 திங்கள் வைக்கிறதா? வெள்ளி வச்சா எல்லாரும் இருப்பாங்க, ஆனா திங்கள் பள்ளி வெறிச்சோடிப் போகும். திங்கள் வச்சா ஊருக்குப் போகிற பிள்ளைங்க ஏங்கிப் போகும். தலைமையாசிரியர் என்னையே முடிவு பண்ணச் சொல்லிட்டார்.

கம்பத்துக்காரன் | 6 ஜனவரி, இரவு 9.25

டீச்சர், நான் நீங்க சொன்ன முதல் வகை. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ரெண்டு பசங்க, ஒண்ணு ரெண்டாவது, ஒண்ணு நாலாவது. வேற பள்ளிதான், ஆனா கதை ஒண்ணுதான்.

தயவுசெஞ்சு வெள்ளிக்கிழமை வைங்க. நாங்க வேணும்னு பசங்களை நிறுத்தலை. சனிக்கிழமை ராத்திரி கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் நின்னு பார்த்தாத்தான் தெரியும். பொட்டி, பை, தூக்கத்தில் தோளில் தொங்குற குழந்தைன்னு மொத்தத் திருப்பூரும் அங்கேதான் நிக்கும். திங்கள் சாயங்காலம் வரைக்கும் இருந்து கிளம்பினா பொங்கல் அன்னிக்குக் காலையில் போய்ச் சேர முடியாது. எங்க அம்மா வாசலில் பானையை வச்சுக்கிட்டு பேரனுக்காகக் காத்திருக்கும். வருஷத்தில் ஒரு தடவைதான் அது எங்களை முழுசாப் பார்க்குது. தீபாவளிக்கு வந்தா ரெண்டு நாளில் திரும்பிடுவோம். பொங்கலுக்குத்தான் கம்பெனியும் ஒரு வாரம் மூடுது, பள்ளியும் மூடுது.

சின்னவனுக்கு இந்த வருஷம் புதுசா ஒரு ஆசை. தாத்தாவோட கன்னுக்குட்டிக்குக் கொம்பு முளைச்சிருச்சாம், அதுக்கு நீலப் பெயின்ட் அடிக்கணுமாம். சின்ன டப்பா ஒண்ணு வாங்கி ஸ்கூல் பைக்குள்ளேயே வச்சிருக்கான். அவங்க டீச்சர் பார்த்துட்டுத் திட்டாம, "மூடியை இறுக்கமா மூடு, நோட்டில் கொட்டிடப் போகுது"ன்னு மட்டும் சொன்னாங்களாம்.

நெல்லைக்காரி, சென்னை | 6 ஜனவரி, இரவு 10.02

ஆறு நாள்னு கேட்டதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 10 ரயிலுக்கு முன்பதிவு திறந்தது செப்டம்பர் 12. அப்போ 120 நாள் கணக்கு. காலையில் எட்டு மணிக்குத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே காத்திருப்போர் பட்டியல் வந்துடுச்சு. எப்படியோ போறதுக்கு வாங்கிட்டேன். திரும்பி வர 16-ந் தேதி ராத்திரிக்குத்தான் எடுத்திருந்தேன், ஏன்னா அப்போ 17 வேலை நாள். இப்போ 17-ஐ லீவாக்கினது ஜனவரி முதல் வாரத்தில். 19-ந் தேதி ரயில் செப்டம்பர் 21-லேயே முடிஞ்சு போச்சு. ஊரில் இன்னும் மூணு நாள் இருக்கலாம், ஆனா திரும்ப வழியில்லை. இந்த அறிவிப்பு செப்டம்பருக்கு முன்னாடி வந்திருந்தா எத்தனை ஆசிரியர் குடும்பத்துக்கு உதவியா இருந்திருக்கும்! நாள்காட்டி முன்கூட்டியே தெரியும்தானே. செவ்வாய், புதன், வியாழன் லீவுன்னா வெள்ளிக்கு எல்லாரும் கேட்பாங்கன்னும் தெரியும்.

16 டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு, 19 ராத்திரி பஸ்ஸில் சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கலாம்னு இருக்கேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. மூணு நாள்ங்கிறது சின்ன விஷயம் இல்லை.

ப்ளஸ்டூ அம்மா | 7 ஜனவரி, காலை 6.50

எல்லாரும் ஊருக்குப் போறதைப் பத்தி எழுதுறீங்க. எங்க வீட்டில் யாரும் எங்கேயும் போகலை. மகளுக்கு மார்ச் 3 பொதுத்தேர்வு ஆரம்பம், பிப்ரவரி 7-ல் இருந்து செய்முறைத் தேர்வு. பள்ளியில் 17, 18 ரெண்டு நாளும் சிறப்பு வகுப்புன்னு வாட்ஸப்பில் போட்டுட்டாங்க. கட்டாயம்னு எழுதலை. ஆனா வராதவங்க பேரைக் குறிப்போம்னு எழுதியிருக்காங்க. நேத்து அவ ஒண்ணுமே சொல்லாம அட்டவணையில் "மாட்டுப் பொங்கல்"ங்கிற இடத்தில் "கரிம வேதியியல்"னு எழுதி ஒட்டினா. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இயற்பியல் வாத்தியார், தஞ்சாவூர் | 7 ஜனவரி, காலை 7.30

அம்மா, முப்பது வருஷமா ப்ளஸ் டூக்குப் பாடம் நடத்துறேன். என் மகளா நினைச்சுச் சொல்றேன். 14, 15, 16 மூணு நாளும் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லுங்க. 20-ந் தேதியில் இருந்து தேர்வுக்கு 42 நாள் இருக்கு. கரிம வேதியியலுக்கு அது போதும். நல்லாத் தூங்கி, வாசலில் கோலம் போட்டு, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்த பிள்ளை 20-ந் தேதி வகுப்பில் நிமிர்ந்து உட்கார்றதை நான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். லீவு முழுக்கப் படிச்சேன்னு சொல்ற பிள்ளையோட கண்ணு வகுப்பில் நிக்காது. 17, 18-க்குப் போறதும் போகாததும் உங்க விருப்பம். மாட்டுப் பொங்கல்ங்கிற இடத்தில் மாட்டுப் பொங்கல்னே இருக்கட்டும்.

எங்க பக்கம் இது சம்பா அறுவடை நேரம். லீவுன்னா பசங்களுக்குக் களத்து வேலைதான். ஆனா அவங்க அதைச் சந்தோஷமாத்தான் சொல்றாங்க. புது நெல்லுக் குத்தின அரிசியில் பொங்கல் வைக்கிற வீடு இன்னும் இருக்குங்க, கொஞ்சம்தான், ஆனா இருக்கு.

விடுதிக் காப்பாளர் | 7 ஜனவரி, இரவு 9.15

ஆதிதிராவிடர் நல விடுதியில் காப்பாளரா இருக்கேன். நீண்ட லீவு வந்தா விடுதி எப்படி இருக்கும்னு நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால எழுதுறேன்.

பத்து நாள் முன்னாடியே பசங்க துணியைத் துவைக்க ஆரம்பிச்சிடுவாங்க. போகிற அன்னிக்குப் போட வேண்டிய சட்டையை மடிச்சு பாய்க்கு அடியில் வச்சு, அது மேலேயே படுப்பாங்க. இஸ்திரி போட்ட மாதிரி ஆகிடும். யாரோட அப்பா எத்தனை மணிக்கு வருவார், யார் யாரோட சேர்ந்து பஸ்ஸில் போவாங்கன்னு ராத்திரி விளக்கு அணைச்ச பிறகும் பேச்சு ஓடும். நான் அதட்டுறதில்லை.

எட்டாவது படிக்கிற ஒரு பையன் மட்டும் அந்தப் பேச்சில் கலந்துக்க மாட்டான். அவன் அப்பா அம்மா ரெண்டு பேரும் செங்கல் சூளைக்குப் போயிருக்காங்க. மழை முடிஞ்சு சூளை ஆரம்பிச்சா குடும்பத்தோட அங்கேதான். வீடு பூட்டிக் கிடக்கு. போன லீவில் சித்தப்பா வீட்டில் விட்டாங்க, மூணாம் நாளே தனியா பஸ் ஏறி விடுதி வாசலில் வந்து உட்கார்ந்துட்டான். பூட்டின கேட்டு முன்னாடி. காவலாளி எனக்குப் போன் பண்ணினப்போ ராத்திரி எட்டு மணி. இந்தத் தடவை நானே அவனைச் சூளைக்குக் கூட்டிட்டுப் போறேன், 13-ந் தேதி சாயங்காலம். அவங்க அம்மாகிட்ட மேஸ்திரி போனில் பேசிட்டேன். "கல்லு அறுக்கிற இடத்திலேயே பொங்கல் வைப்போம் சார், அவன் வந்தாப் போதும்"னுச்சு.

டீச்சர், உங்க கேள்விக்கு என் பதில் இதுதான்: ஊருக்குப் போகிற பிள்ளைக்கு ஊரில் பொங்கல் காத்திருக்கு. போகாத பிள்ளைக்குப் பள்ளியில் வைக்கிறதுதான் பொங்கல். அதை மனசில் வச்சு நாள் குறிங்க.

காலைச் சிற்றுண்டி அக்கா | 8 ஜனவரி, மதியம் 2.10

என் பொண்ணு போனில் இருந்து பேசிப் பதிவு பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. நான் மகளிர் குழுவில் இருந்து பள்ளியில் காலைச் சாப்பாடு சமைக்கிறேன். என் பொண்ணும் அதே பள்ளியில் மூணாவது படிக்குது. இந்தத் திட்டம் 2022-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில்தான் எங்க பள்ளிக்கு வந்துச்சு. அதில் இருந்தே சமைக்கிறேன்.

நீண்ட லீவுக்கு முந்தின நாளும், லீவு முடிஞ்சு திறக்கிற நாளும் சில பிள்ளைங்க ரெண்டாவது தடவை தட்டை நீட்டும். எனக்கு அந்த முகம் எல்லாம் தெரியும். ஆறு நாள் லீவுன்னா அந்த வீட்டில் காலையில் டீயும் பன்னும்தான். அப்பா அம்மா ரெண்டு பேரும் ஷிஃப்ட்டுக்குப் போற வீடு.

இன்னொண்ணு. ரேஷனில் 9-ந் தேதியில் இருந்து பொங்கல் தொகுப்பு தர்றாங்க. ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. நம்ம கார்டு இருக்கிறவங்களுக்கு வரும். வடக்கேயிருந்து வந்த பிள்ளைங்க வீட்டில் கார்டு இல்லை. எங்க தெருவில் எல்லாப் பிள்ளையும் கரும்பைத் தோளில் வச்சுத் தூக்கிட்டு ஓடுறப்போ அதுங்க வாசப்படியில் நின்னு பார்க்கும். என் பொண்ணு போன வருஷம் ரெண்டு துண்டு உடைச்சுக் கொண்டுபோய்க் கொடுத்துச்சு. டீச்சரம்மா, திங்கக்கிழமை எத்தனை பிள்ளை வந்தாலும் சரி, ஆளுக்கு ஒரு துண்டு கரும்பாவது கையில் கொடுத்து அனுப்புங்க.

பெருந்துறை தலைமையாசிரியர் | 8 ஜனவரி, இரவு 8.55

அக்கா எழுதினதைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியலை. எங்க பள்ளியிலும் ஒடிசாப் பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கும் இது வெறும் லீவு நாள் இல்லை, அதே நாள் அவங்களுக்கு மகர சங்கராந்தி. பீகார் வீட்டில் தயிரும் அவலும் வெல்லமும் வச்சுச் சாப்பிடுவாங்க, எள்ளு மிட்டாயும் உண்டு. ஒடிசாவில் மகர சௌளா. புது அரிசியை ஊறவச்சு நொறநொறன்னு அரைச்சு, தேங்காய்த் துருவல், வெல்லம், வாழைப்பழம், பால், பாலைத் திரிச்சு எடுத்த பன்னீர் கலந்து வேகவைக்காமலே படைக்கிறது.

போன வருஷம் ஒரு அம்மா அதை ஒரு தூக்குப் பாத்திரம் நிறையக் கொண்டுவந்தாங்க. நாங்க சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம், அவங்க சௌளா கொடுத்தாங்க. ரெண்டிலும் புது அரிசி, வெல்லம், பால். அடுப்பு மட்டும்தான் வித்தியாசம். அப்போ அந்த அம்மா ஒரு வழக்கம் சொன்னாங்க. அவங்க ஊர்ப் பக்கம் அன்னிக்கு ரெண்டு சிநேகிதிங்க ஒருத்திக்கு ஒருத்தி சௌளா ஊட்டிவிட்டா, அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களாம், "மகர"ன்னுதான் கூப்பிடுவாங்களாம். இதைக் கேட்டதும் நாலாவது படிக்கிற எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு உடனே போய் அந்த அம்மா மகளோட வாயில் ஒரு உருண்டை வச்சுட்டா. இப்போ ரெண்டும் அஞ்சாவது. வருகைப் பதிவு எடுக்கும்போது பேரைச் சொன்னா, "சார், மகர இன்னிக்கு வரலை"ன்னு பதில் வருது.

டீச்சர், ரெண்டு நாளும் வைங்க. வெள்ளி பெரிய பானை, திங்கள் சின்னப் பானை. திங்களுக்கு அந்தத் தாய்மாரைக் கூப்பிடுங்க.

வேன் ஓட்டுறவன் | 9 ஜனவரி, காலை 5.45

17-ந் தேதி லீவை ஈடுகட்ட 25 சனிக்கிழமை வேலை நாள்னு சொல்றாங்களே, பள்ளி முழு நாளா அரை நாளா? 26 ஞாயிறு குடியரசு நாள் கொடியேற்றத்துக்கும் பிள்ளைங்களைக் கொண்டுபோகணும். ஆறு நாள் வண்டி நிக்கும், அப்புறம் இடைவெளி இல்லாம ஓடும். நான் மாசக் கணக்குதான் வாங்குறேன், லீவுக்குப் பணம் பிடிக்காத பெற்றோர் எல்லாருக்கும் நன்றி. லீவில் பிரேக்கும் டயரும் பார்த்து வைக்கிறேன்.

ஒன்றியப்பள்ளி டீச்சர், திருப்பூர் | 9 ஜனவரி, இரவு 7.30

ஓட்டுநர் அண்ணா, எங்களுக்கு 25 முழு நாள். 26 காலையில் கொடியேற்றம், மிட்டாய், வீடு. 20-ந் தேதி ஆரம்பிச்சா ஏழு நாளும் தொடர்ந்து வரணும். பிள்ளைங்களுக்கு இது இன்னும் தெரியாது, திங்கக்கிழமை வரைக்கும் நான் சொல்லப் போறதில்லை.

மத்தபடி முடிவு ஆயிருச்சு. நாளைக்கு வெள்ளி, எல்லாருக்கும் பெரிய பானை. அஞ்சு கிலோ பச்சரிசி, ஆறு கிலோ வெல்லம், ஒரு கிலோ பாசிப்பருப்பு. பால் ஊர்க்காரர் ஒருத்தர் தர்றார். திங்கள் சின்னப் பானை. காப்பாளர் சார், உங்க கடைசி வரியைத் தலைமையாசிரியர்கிட்ட படிச்சுக் காட்டினேன். திங்கள் கரும்புச் செலவு தன்னோடதுன்னு சொல்லிட்டார்.

ஒன்றியப்பள்ளி டீச்சர், திருப்பூர் | 13 ஜனவரி, இரவு 8.20

இன்னிக்கு வந்தது 47 பேர். ஒடிசா, பீகார்ப் பிள்ளைங்க பதினாலும் வந்துட்டாங்க, ஒண்ணு குறையலை. வெள்ளிக்கிழமை நல்லா நடந்துச்சு, அதைப் பத்தி நிறைய எழுத வேண்டாம், எல்லாப் பள்ளியிலும் நடக்கிறதுதான்: வேட்டி அவிழ்ந்து அழுத ஒண்ணாவதுப் பையன், கயிறு இழுத்து உள்ளங்கை சிவந்த பொண்ணுங்க, பானை பொங்கினதும் 140 தொண்டையும் சேர்ந்து கத்தினது.

இன்னிக்கு நடந்ததைத்தான் எழுதணும். உள்ளூர்ப் பிள்ளைங்க காலையில் வரும்போதே பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலைன்னு கை நிறையக் கொண்டுவந்துட்டாங்க. சாயங்காலம் வீட்டில் காப்புக் கட்டணும்ல. அதில் கொஞ்சம் எடுத்துப் பள்ளி வாசலுக்கும், சமையல் கூடத்துக்கும், தண்ணித் தொட்டிக்கும் கட்டினோம். மூணாவது படிக்கிற ஒரு ஒடிசாப் பொண்ணு பூளைப்பூவைக் கையில் வாங்கி, கன்னத்தில் தேய்ச்சுப் பார்த்துச்சு. இது எதுக்குன்னு கேட்டுச்சு. வீட்டுக் கூரையில் செருகினா பொங்கல் வந்துருச்சுன்னு அர்த்தம்னு எங்க ஊர்ப் பையன் சொன்னான். "எங்க வீட்டில் கூரை இல்லை, ஷீட்டுதான்"னுச்சு. "ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சந்து இருக்கும், அதில் செருகு"ன்னான். சாயங்காலம் மணி அடிச்சதும் அவன் வீட்டுக்குப் போகாம, அந்தப் பொண்ணோட லைன் வீடு வரைக்கும் போய், எட்டு வாசலுக்கும் செருகிட்டுத்தான் போயிருக்கான். நான் ஸ்கூட்டியில் அந்த வழியா வந்தப்போ பார்த்தேன். எட்டு வாசலிலும் வெள்ளையா பூ.

தாய்மார் மூணு பேர் வந்தாங்க. அவலும் தயிரும் கொண்டுவந்தாங்க. கரும்பு ஆளுக்கு ஒரு முழம். நாளைக்குக் கரும்பலகைக் கட்டத்தில் எழுத எண்ணே இல்லைன்னு அந்தப் பையன் அதுக்குள்ளே ஒரு பானை வரைஞ்சுட்டான். அதை நான் அழிக்கலை. 25-ந் தேதி சனிக்கிழமை பள்ளி உண்டுன்னு கடைசி மணிக்கு முன்னாடி சொன்னேன், யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியலை.

கம்பத்துக்காரன் | 13 ஜனவரி, இரவு 9.40

ஊரில் இருந்து எழுதுறேன் டீச்சர். உங்க எட்டு வாசலையும் எங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். நாளைக் காலையில் அவங்க பேரையும் சொல்லிப் பானை வைக்கிறேங்குது. கன்னுக்குட்டிக்குப் பெயின்ட் அடிக்கப் புதன் வரைக்கும் பொறுக்க மாட்டேன்னு சின்னவன் அழுதான், ஒரு கொம்புக்கு மட்டும் அடிக்கவிட்டாங்க தாத்தா.

ப்ளஸ்டூ அம்மா | 13 ஜனவரி, இரவு 10.05

வாத்தியார் சாருக்கு. அட்டவணையைக் கிழிச்சுட்டா. இப்போ வாசல் தெளிச்சுப் புள்ளி வச்சுக்கிட்டு இருக்கா, இருபத்தொரு புள்ளி. நான் கலர் பொடி கலக்கிக் கொடுக்கப் போறேன்.

காலைச் சிற்றுண்டி அக்கா | 13 ஜனவரி, இரவு 10.20

டீச்சரம்மா, 20-ந் தேதி காலையில் சாப்பாடு உண்டுதானே? யாரும் தேதி சொல்லலை. நான் ரவை வாங்கி வைக்கணும்.

ஒன்றியப்பள்ளி டீச்சர், திருப்பூர் | 13 ஜனவரி, இரவு 10.24

உண்டுங்க அக்கா. திங்கக்கிழமை, உப்புமாவும் சாம்பாரும். ரெண்டாவது தடவை கேட்கிற பிள்ளைங்களுக்கும் சேர்த்தே போடுங்க.